கல்லில் விழுந்த வலை

மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் ஒரு வைகாசிக் காலை. பைபர் படகிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஈயக்குண்டு கட்டி அடியில் இறக்குகிற வலை. நடுவில் ஓரிடத்தில் அது முறுக்கிக்கொண்டு கிடந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே கையகலக் கடல்விசிறி ஒன்றும், காய்ந்த முள்மரக் கொப்புப் போலக் கறுப்பாக ஒரு துண்டும். அந்தக் கொப்பை எடுத்து வளைத்துப் பார்த்தேன், கம்பி போல வளைந்து கொடுத்தது. மேலே வழவழவென்று மெல்லிய சதை ஒட்டியிருந்தது. அந்தச் சதைதான் உயிர். கடல்விசிறியும் இந்தக் கொப்பும் முருகை, அதாவது பவள வகை. ஒரு கிளையில் நூல்போன்ற கைகளுள்ள சின்ன நட்சத்திரமீன் ஒன்று இன்னமும் இறுகச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தது.

“பாருங்க தம்பி, கல்லுல விழுந்து அரைவாசி வலை போச்சு. மீனும் இல்ல” என்றார் வலைக்காரப் பெரியவர். கிழிந்த இடத்தை விரித்துக் காட்டினார். அதைப் பொத்தி முடிக்க இரண்டு நாள் வேண்டும். அந்த இரண்டு நாளும் தொழில் இல்லை.

கடற்றொழில் பரிசோதகராக வேலை செய்யும் எனக்கு அந்தக் காலை மறக்கவில்லை. முருகைக்கும் மீனவருக்கும் சண்டை என்று பலர் நினைக்கிறார்கள். அன்று கரையில் நான் பார்த்தது இரு பக்கத்துக்கும் ஒரே நட்டம். கடலடிக் கல்லிலேயே தங்கிப்போன அரைவாசி வலை அங்கே சும்மா கிடக்காது. யாருக்கும் பயன்படாமல் மாதக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டே இருக்கும்.

பாசிக்குடா முருகை 2016 இல் வெளுத்தபோது அதை எல்லோரும் பார்த்தோம். ஆழத்து முருகை உடைந்தால் பார்க்க ஆளில்லை. பாசிக்குடாவில் இருப்பவை வெயிலை நம்பி வாழ்பவை, அவற்றின் உடலுக்குள் இருக்கும் நுண்பாசி அவற்றுக்கு உணவு சமைத்துக் கொடுக்கிறது. வெளிச்சம் எட்டாத ஆழத்தில் வாழும் முருகைக்கு அந்த உதவி கிடையாது. நீரோட்டம் கொண்டுவரும் துகளையும் சிற்றுயிரையும் பிடித்துத் தின்றுதான் வளர வேண்டும். அதனால் வளர்ச்சி மிக மெது. ஹவாயில் ஏறக்குறைய 400 மீற்றர் ஆழத்தில் எடுத்த கறுப்பு முருகை ஒன்றின் வயது 4,265 ஆண்டுகள் என்று 2009 இல் கணித்தார்கள். கல்லடியில் என் கையில் இருந்த துண்டின் வயது எனக்குத் தெரியாது. ஆனால் அது ஒரு பருவத்தில் முளைத்த செடி அல்ல.

முருகை வளரும் கடலடிக் கல்மேடுகளில்தான் கலவாயும் விளைமீனும் செம்பல்லியும் ஒதுங்குகின்றன. பிடிப்பு எங்கே இருக்கும் என்பது நம் தூண்டில்காரருக்கு நன்றாகத் தெரியும். 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல், மட்டக்களப்புக்கு வெளியே ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. அந்த இரும்பின் மேல் இன்று முருகை படர்ந்திருக்கிறது, மீன் கூட்டமாக நிற்கிறது. எண்பது வருடத்தில் வெறும் இரும்பே இப்படியானால் பழைய கல்மேடு ஒன்று எத்தனை மீனுக்கு வீடாக இருக்கும்?

கல்லுக்கு மேல் எல்லாத் தொழிலும் ஒரே மாதிரிக் கெடுதல் செய்வதில்லை. கைத்தூண்டில் போடுகிறவர் ஒரு மீனை எடுக்கிறார், கல் அப்படியே இருக்கிறது. அடியில் இறக்கும் வலை கல்லைப் பிடித்து இழுக்கிறது. கம்பி வளைத்துச் செய்த நங்கூரமும் அப்படித்தான், இழுக்கும்போது ஒரு கிளையாவது உடையும். கல்லின் ஓரத்து மணலில் மண் நிரப்பிய சாக்கை இறக்கினால் அந்தச் சேதம் வராது. இழுவைமடி தரையையே வழித்துக்கொண்டு போகும். அதை 2017 இல் நம் சட்டம் தடைசெய்தது, நல்லது. ஆனால் இழுவைமடி இல்லை என்றவுடன் வேலை முடிந்துவிட்டதென்று சிலர் இருந்துவிடுகிறார்கள்.

முழுக் கடலையும் மூடச் சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் வட கரோலினா தொடங்கி புளோரிடா வரை, 2010 இல் 23,000 சதுர மைலுக்கு மேல் ஆழ்கடல் முருகைக்காக ஒதுக்கினார்கள். நம் இலங்கையின் நிலப்பரப்பை ஏறக்குறைய எட்டும் அளவு அது. அதற்குள்ளேயே பொன்னிற நண்டுக் கூடு இறக்குகிறவர்களுக்கும் ஆழ்கடல் இறால் பிடிக்கிறவர்களுக்கும் காலங்காலமாகத் தொழில் செய்த இடங்களைத் தனியாக விட்டுக்கொடுத்தார்கள். அதே புளோரிடாக் கடலில் 1984 இலேயே ஓர் ஆழ்கடல் முருகைப் பகுதியைப் பாதுகாத்தும், இழுவைமடி உள்ளே போய்ப் பெரும்பகுதி சிதைந்துபோனது. கோடு போட்டதோடு விட்டால் அப்படித்தான் ஆகும். நம் பெரிய பலநாள் கலங்களில் இப்போது செய்மதிக் கண்காணிப்புக் கருவி இருக்கிறது. 2015 இல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனை வாங்க மறுத்த பிறகுதான் அது பரவலாக வந்தது. கரையோரச் சிறுபடகுகளில் அப்படி எதுவும் இல்லை. அங்கே காவல் மீனவரின் மனம்தான். அந்த மனம் வேண்டுமென்றால் கோட்டை அவர்களோடு சேர்ந்துதான் போட வேண்டும்.

மட்டக்களப்புக்கு வடக்கே காயான்கேணி முருகைப் பகுதி 2019 இல் கடல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பிறகு நான் போன கூட்டங்களில் முதலில் எழுந்த கேள்வி, “அப்ப எங்கட தொழில்?” ஒரு முறை ஓர் அலுவலகம் வரைபடம் கொண்டுவந்து விரித்தது. எல்லாம் ஆங்கிலத்தில், அகலாங்கு நெட்டாங்கு எண்களாக. வந்திருந்த இருபது பேரும் வாய் திறக்கவில்லை. அதை உடன்பாடு என்று குறித்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தம்தான்.

அப்புறம் வேறொரு நாள், கரையிலுள்ள மீனவர் வாடியில், நான் வெறும் வெள்ளைத்தாளில் கரையை மட்டும் கீறிக் கொடுத்தேன். பாலமீன்மடு வெளிச்சவீடு எங்கே, குடும்பிமலை எங்கே என்று அவர்களே குறித்தார்கள். இரண்டையும் நேர்பிடித்துக் கல் இருக்கும் இடத்தைச் சொன்னார்கள். இந்தக் கல்லில் எத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழம், எந்தக் காற்றில் என்ன மீன், எங்கே யாருடைய வலை போனது, எல்லாம் வந்தது. ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்தினார். ஒன்றரை மணி நேரத்தில் ஒன்பது கற்கள். “இதுகளில தூண்டில் போடலாம், வலை வேணாம்” என்று அவர்களில் ஒருவர்தான் முதலில் சொன்னார், நான் அல்ல. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், மீன் செதில் ஒட்டியபடி.

கடற்றொழில் சட்டத்தில் முகாமைத்துவப் பகுதி என்று அறிவித்து, எந்தத் தொழில் எங்கே என்று பிரித்து வைக்க இடம் இருக்கிறது. அதற்கு இப்படியான தாள்கள் வேண்டும். வாழைச்சேனையிலோ கல்முனையிலோ ஒலுவிலிலோ தொழில் செய்கிற நீங்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வலையில் கடல்விசிறியோ கறுப்புக் கொப்போ வந்தால் விற்கவோ அலுமாரியில் வைக்கவோ கொண்டுவர வேண்டாம். கைபேசியில் ஒரு படம் எடுங்கள். ஜிபிஎஸ் இருந்தால் அந்த எண்ணையும், இல்லாவிட்டால் கரைக்குறிகளையும், எத்தனை பாகம் என்பதையும் குறித்துக்கொண்டு, வந்ததைக் கடலிலேயே விட்டுவிடுங்கள். பிறகு உங்கள் பகுதிப் பரிசோதகரிடம் அந்தக் குறிப்பைக் கொடுங்கள். அடுத்த தடவை வலை போடும்போது அந்த இடத்துக்கு இருநூறு மீற்றர் தள்ளிப் போடுங்கள்.