முழங்காலுக்குள் போகும் ‘ஸ்டெம் செல்’ கலங்கள் என்ன செய்கின்றன?

தேயிலை மலையில் வேலை செய்தவர்களைக் கேட்டால், ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு என்பார்கள். கணக்கும் அதையே சொல்கிறது. செயற்கை மூட்டுக்குள் உணரிகளை வைத்து ஜெர்மனியில் அளந்து பார்த்தார்கள். சமதரையில் நடக்கையில் உடல் எடையைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கும், படி இறங்குகையில் மூன்றரை மடங்கும் முழங்காலில் விழுந்தது. 50 கிலோ எடையுள்ள பெண் 10 கிலோ கொழுந்தோடு தராசடிக்கு இறங்கினால், ஓர் எட்டுக்கு 200 கிலோவுக்கு மேல். இதை இருபது, முப்பது வருடம் தாங்கிய மூட்டு தேயாமல் என்ன செய்யும்?

தேய்வது எலும்புமுனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு. சில மில்லிமீற்றர் தடிப்புத்தான்; அதில் பெரும்பங்கு நீர். கொலாஜன் இழைவலைக்குள் நீரைப் பிடித்துவைத்திருக்கும் கடற்பஞ்சு அது. நடக்கும்போது அழுந்தி நீரை வெளிவிடுகிறது. கால் தூக்கும்போது மூட்டுத் திரவத்தை உறிஞ்சி உணவு பெறுகிறது. இரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. உள்ளே கலங்கள் மிகச் சொற்பம். கையில் வெட்டுப்பட்டால் இரத்தம் வந்து ஆற்றிவிடும்; இங்கே அந்த வழியே இல்லை.

இந்தக் குறையை நிரப்பத்தான் ‘ஸ்டெம் செல் ஊசி’, அதாவது வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலங்களைச் செலுத்தும் ஊசி, என்கிறார்கள். இடுப்பெலும்பின் மச்சையை உறிஞ்சி, இயந்திரத்தில் சுழற்றிச் செறிவாக்கி முழங்காலுக்குள் செலுத்துவது ஒரு முறை. ஆனால் மச்சையில் தேவைப்படும் கலம் பத்தாயிரத்துக்கு ஒன்று தேறினாலே அதிகம். வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுப்பது இன்னொன்று. தொப்புள்கொடிக் கலங்களை ஆய்வுகூடத்தில் வாரக்கணக்கில் பெருக்கிக் கோடிக்கணக்கில் செலுத்துவதும் உண்டு. (சொந்த இரத்தத்தின் சிறுதட்டுகளைச் செறிவாக்கிப் போடும் பிஆர்பி ஊசி வேறு வகை, விளம்பரங்கள் இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுகின்றன.)

உள்ளே போன கலங்கள் தேய்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு புதுக் குருத்தெலும்பாக வளரும் என்றுதான் ஆரம்பத்தில் எதிர்பார்த்தார்கள். அப்படி நடப்பதாகத் தெரியவில்லை. அவற்றில் பெரும்பாலானவை சில வாரங்களுக்குள் மறைந்துவிடுகின்றன. அதற்கிடையில் அவை சுரக்கும் புரதங்கள் மூட்டுச் சவ்வின் அழற்சிக் கலங்களை அடக்குகின்றன. குருத்தெலும்பில் நரம்பில்லை என்றேனே, அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? அழன்ற சவ்விலிருந்தும் அடியிலுள்ள எலும்பிலிருந்தும். ஆகவே தேய்ந்தது தேய்ந்தபடியே கிடக்க, வலி மட்டும் குறைய இடமிருக்கிறது. “ஊசி போட்டேன், சுகம்” என்பவர் பொய் சொல்லவில்லை. “மூட்டு புதிதாக வளர்ந்துவிட்டது” என்று விற்பவர்தான் எல்லை மீறுகிறார்.

2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி மூன்றையும் அழற்சியைத் தணிக்கும் சாதாரண ஸ்டீரொய்ட் ஊசியோடு ஒப்பிட்டது. சுமார் 480 பேர். ஒரு வருடம் கழித்து எல்லாக் குழுக்களிலும் வலி குறைந்திருந்தது. ஆனால் எந்தக் கலமும் ஸ்டீரொய்டை முந்தவில்லை. எம்.ஆர்.ஐ. படங்களிலும் வேறுபாடு இல்லை. பிஆர்பிக்கும் இதே கதைதான்: 2021இல் 288 பேரிடம் நடந்த அவுஸ்திரேலிய ஆய்வில் அது வெறும் உப்புநீரைவிட மேலாகவில்லை.

தென்கொரியாவில் நடந்தது இன்னும் விசித்திரம். முழங்கால் தேய்வுக்கென 2017இல் அனுமதி பெற்ற இன்வோசா ஊசியில், குருத்தெலும்புக் கலங்கள் என்று பதிந்திருந்தவற்றில் ஒரு பகுதி உண்மையில் சிறுநீரகக் கலங்கள் என 2019இல் தெரியவந்து, அனுமதி ரத்தானது. அரசாங்கத்தின் கண்ணெதிரே இருந்த மருந்துக்கே இந்தக் கதி. நகையை அடகு வைத்துக் கொழும்புக்கோ சென்னைக்கோ புறப்படுபவர், எங்கிருந்து எடுத்த கலம், எத்தனை, யார் பரிசோதித்தது என்று எழுத்தில் கேட்பதில் தவறேயில்லை.

அதுவரை தொடைத் தசையைப் பலப்படுத்தலாம். கதிரையில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டிச் சில விநாடி பிடித்து, மெல்ல இறக்க வேண்டும். முழங்காலின் சுமையில் ஒரு பங்கை அந்தத் தசை ஏற்றுக்கொள்ளும். சரியாகச் செய்யும் விதத்தை அரச வைத்தியசாலைகளின் இயன்மருத்துவப் பிரிவுகளில் இலவசமாகவே சொல்லித் தருகிறார்கள்.