படத்துக்குச் சம்மதித்தவர் கருத்துக்குச் சம்மதித்தாரா?

2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோய், ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வேகன்களில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. அந்த நாட்களில், காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர் வடசென்னைத் தெரு ஒன்றில் பன்னிரண்டு படங்கள் கொண்ட தொடர் ஒன்றை எடுத்தார். தண்ணீர் லாரிக்காகக் காத்திருந்த பெண்களிடம் அவரவர் பிளாஸ்டிக் குடத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, ட்ரைபாடை ஒரே உயரத்தில் நிறுத்தி, ஒரே தொலைவிலிருந்து, வெயில் ஏறுவதற்கு முந்தைய வெளிச்சத்தில் எடுத்த படங்கள் அவை. பச்சையும் நீலமும் ஆரஞ்சுமாகக் குடங்கள் தோளுக்கு மேலே தலையாக உட்கார்ந்திருந்தன. தொழில்நுட்பத்தில் நான் குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை. தொடருக்கு அவர் வைத்த பெயர் ‘முகமற்றவர்கள்’. வெளியிலிருந்து அவருக்கு வழிகாட்டியாக இருந்த நானும் அந்தப் பெயரைப் பாராட்டினேன்.

கல்லூரிக் கண்காட்சிக்கு அந்தப் பெண்களையும் அவர் அழைத்திருந்தார். மாணவர்களில் பலர் செய்ய நினைக்காத காரியம் அது. மூன்று பேர் வந்தார்கள். மீன் வியாபாரம் செய்யும் அக்கா ஒருவர் தம் படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, கீழே ஒட்டியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். “படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா எனக்கு மொகம் இல்லைன்னு உனக்கு யாரு சொன்னா?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாணவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

விளம்பரப் படங்கள் எடுப்பது என் தொழில். அதற்கிடையே ஆண்டுதோறும் சில மாணவர்களின் படத்தொடர்களுக்கு வழிகாட்டியாகவும் இருந்துவருகிறேன். ஃபோகஸ், வெளிச்சம், லென்ஸ் தேர்வு ஆகியவற்றில் வரும் பிழைகளை அடுத்த ஷூட்டில் திருத்திக்கொள்ளலாம். அந்த அக்கா சுட்டிய பிழை அப்படிப்பட்டதல்ல. அதற்கு வகுப்பில் பாடமும் இல்லை. ஆகவே இதை எழுதுகிறேன்.

மாணவர்கள் ‘கான்செப்ட் சீரிஸ்’ என்று சொல்லும் கருத்துருப் படத்தொடருக்கும் செய்திப் படத்துக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. செய்திப் படத்தில் இருப்பவர் அவராகவே இருக்கிறார்: வெள்ளத்தில் நிற்பவர் வெள்ளத்தில் நிற்பவர்தான். கருத்துருத் தொடரில் இருப்பவரோ இன்னொன்றுக்காக நிறுத்தப்படுகிறார். தனிமைக்காகவோ, வறுமைக்காகவோ, நகரத்தின் மறதிக்காகவோ அவருடைய உடலைக் கடன் வாங்குகிறோம். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதும் அவர் தலையசைப்பது தம் உருவத்தைத் தருவதற்கே. அந்த உருவத்தின் மேல் நாம் ஏற்றப்போகும் பொருள் அவருக்குத் தெரியாது. பல வேளைகளில் படம் எடுக்கும் நேரத்தில் நமக்கும் தெரியாது, கணினியில் படங்களை வரிசைப்படுத்தும்போதுதான் பிறக்கிறது. சம்மதம் ஒரு நாளில் வாங்கப்படுகிறது, பொருள் வேறொரு நாளில் ஏற்றப்படுகிறது. சிக்கல் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இந்த வகைப் படத்தின் தொடக்கத்தில் சிக்கல் இல்லை. 1840இல் இப்போலீத் பயார் என்ற பிரெஞ்சுக்காரர், புகைப்படக் கண்டுபிடிப்பில் தமக்குரிய பெருமை டாகெர் என்ற இன்னொரு கண்டுபிடிப்பாளருக்குப் போய்விட்டது என்ற ஆற்றாமையில், தம்மையே நீரில் மூழ்கி இறந்தவராகக் காட்டி ஒரு படம் எடுத்தார். பொருளும் அவருடையது, உடலும் அவருடையது. நம் பக்கத்தில் பெங்களூரைச் சேர்ந்த கலைஞர் புஷ்பமாலா என்., 2000 முதல் 2004 வரை புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து செய்த தென்னிந்தியப் பெண்கள் பற்றிய தொடரில் ஒரு படத்தை மாணவர்களுக்கு நான் தவறாமல் காட்டுகிறேன். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகள் அந்தமான் பழங்குடியினரைக் கட்டம் போட்ட திரையின் முன் நிறுத்தி அளவெடுத்தார்களே, அந்தக் காட்சியை மீண்டும் அமைத்து, அளக்கப்படும் உடலாகத் தம்மையே நிறுத்திக்கொண்டார் புஷ்பமாலா. இன்னொரு பழங்குடிப் பெண்ணை அங்கே நிறுத்தியிருந்தால் அந்தப் படம் தான் எதிர்க்கும் குற்றத்தையே மறுபடியும் செய்ததாகியிருக்கும்.

தம்மை நிறுத்தாமல் பிறரை நிறுத்தியபோது என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு அலேசியோ மாமோ என்ற இத்தாலியப் புகைப்படக் கலைஞரின் தொடர். உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் ஏழைக் கிராமத்தினர் முன்னால் ஒரு மேசையைப் போட்டு, அதன்மேல் போலி உணவுப் பண்டங்களை அடுக்கி, கைகளால் கண்களை மூடிக்கொண்டு விரும்பும் உணவைக் கனவு காணுமாறு அவர்களிடம் சொல்லிப் படமெடுத்தார். 2018 ஜூலையில், செய்திப் படங்களுக்கான உலகப் போட்டியை நடத்தும் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ அமைப்பின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அந்தப் படங்கள் வெளியானதும் கடும் கண்டனம் எழுந்தது. மேற்கு நாடுகளில் வீணாகும் உணவைப் பற்றிச் சிந்திக்கவைப்பதே தம் நோக்கம் என்று விளக்கிய அவர், மனம் புண்பட்டவர்களிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். நோக்கத்தை நான் ஐயப்படவில்லை. என் மாணவர்களில் பாதிப்பேர் இதே யோசனையோடு வந்திருக்கிறார்கள், நானும் ஒருகாலத்தில் தலையாட்டியிருப்பேன். ஆனால் வேறெங்கோ இருப்பவர்களின் மனச்சாட்சிக்காக இங்கே ஒருவரின் பசி மேடைப்பொருளானது என்பதை நோக்கத்தின் தூய்மை மாற்றிவிடாது.

இந்த இடத்தில் மாணவர்கள் வழக்கமாகச் சட்டத்தைக் கேட்பார்கள். படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர் என்கிறது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். பிறர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இல்லாதவரை முதல் உரிமையும் பொதுவாக அவருக்கே. ஆனால் படத்தின் உரிமை வேறு, படத்தில் இருப்பவரின் அந்தரங்க உரிமை வேறு. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பாக எழுந்த வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம், ஒருவரின் தனிவாழ்வைப் பற்றி அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது என்ற கொள்கையை, பொது ஆவணங்களில் உள்ளவை போன்ற விலக்குகளோடு வகுத்தது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றே அறிவித்தது. குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமையானது: குற்றத்துக்கு ஆளான, குற்றம் சாட்டப்பட்ட, அல்லது பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளிப்படுத்துவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்கோ, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ, இரண்டுக்குமோ உரியது. ‘தெருவோரக் குழந்தைப்பருவம்’ என்ற தலைப்போடு வரும் மாணவர்களை, காப்பகங்களுக்குக் கேமராவோடு போகக் கூடாது என்று முதல் நாளே தடுத்துவிடுகிறேன்.

சட்டம் அனுமதித்ததாலேயே விஷயம் முடிந்துவிடுவதில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா 1999 முதல் 2001 வரை நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் ஃபிளாஷ் விளக்குகளைச் சாரத்தில் மறைத்துக் கட்டி, நடந்துபோனவர்களின் முகங்களைத் தொலைவிலிருந்து அவர்கள் அறியாமல் படமெடுத்தார். அதில் ஒருவர் வைதிக யூத முதியவர்; தம் உருவம் இப்படிப் பயன்படுவது தம் சமய நம்பிக்கைக்கு முரணானது என்று வழக்குத் தொடுத்தார். கலைப்படைப்பு என்ற அடிப்படையில் 2006இல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்த முகங்களைப் போன்ற அழகான உருவப்படங்கள் அரிது என்பதே என் கருத்து. ஆனாலும் அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முதியவரின் நினைவு கூடவே வந்துவிடுகிறது. தீர்ப்பு கலைஞருக்குச் சாதகமானது என்பதால் அந்த நினைவு விலகுவதில்லை.

2019க்குப் பிறகு நான் என் நடைமுறையை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் தொடரின் கருத்துக் குறிப்பை இறுதி மதிப்பீட்டுக்கு முந்தைய வாரத்தில் எழுதினால் போதும் என்று விட்டுவிடுவேன். இப்போது பத்துப் படங்கள் எடுத்தவுடனேயே ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் எழுதச் சொல்கிறேன். பிறகு அதைப் படத்தில் இருப்பவரிடம் நேரில் உரக்கப் படித்துக் காட்டிவிட்டு வரச் சொல்கிறேன். பெரும்பாலான மாணவர்கள் குறிப்பை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள். விளிம்புநிலை, அடையாள அழிப்பு, நவீனத்துவத்தின் நெருக்கடி என்று அதில் எதை வேண்டுமானாலும் கூச்சமில்லாமல் எழுதிவிட முடிகிறது, ஏனென்றால் அது யாரைப் பற்றியதோ அவர் அதைப் படிக்கப்போவதில்லை. அதையே தமிழில் எழுதி, திண்ணையில் உட்கார்ந்து, “அம்மா, நீங்கள் முகமற்றவர் என்று எழுதியிருக்கிறேன்” என்று படித்துக்காட்ட வேண்டும் என்றதும் வாக்கியங்கள் தாமாகவே மாறிவிடுகின்றன. படித்துக்காட்ட நாக்கு எழாத வாக்கியத்தைக் கண்காட்சிச் சுவரில் ஒட்டாதீர்கள் என்பதைத்தான் நான் வற்புறுத்துகிறேன்.

சம்மதப் படிவத்திலும் கவனம் தேவை. இணையத்தில் கிடைக்கும் ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்கிவருவதைச் சம்மதம் என்று நான் ஏற்பதில்லை. வகுப்பறை, கண்காட்சி, சமூக ஊடகம், போட்டி, விற்பனை என்று பயன்பாடுகளைத் தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது வேண்டாம் என்று குறிக்க வேண்டும். கண்காட்சிக்குச் சரி என்பவர்கள் இன்ஸ்டாகிராமுக்கு வேண்டாம் என்பது மிகச் சாதாரணம். ஊரில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் வீட்டில் அதற்கான காரணத்தை விளக்கவே வேண்டியதில்லை. போட்டிகளுக்கு அனுப்பும் முன் விதிமுறைகளைப் படித்துப் பாருங்கள். படத்தைத் தங்கள் விளம்பரத்துக்குக் காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிமையைச் சில அமைப்பாளர்கள் விதிகளுக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறார்கள், அப்படியானால் நீங்கள் கொடுத்த வாக்கு உங்கள் கையில் இல்லை. வீட்டார் என்பதால் விதிவிலக்கும் கிடையாது. மறதிநோய் கண்ட பாட்டியை எடுக்க விரும்பிய மாணவியிடம், பாட்டியால் சொல்ல முடியாத சம்மதத்தை யாரிடம் கேட்பாய் என்றேன். அவர் பாட்டியை விட்டுவிட்டு, பாட்டி இடம் மாற்றி வைத்த பொருள்களை மட்டும் எடுத்தார். அரிசிப் பானைக்குள் கிடந்த மூக்குக்கண்ணாடிதான் அந்தத் தொடரின் சிறந்த படம்.

வாங்கிய சம்மதம் திரும்பப் பெறக்கூடியது என்பதையும் சொல்லியாக வேண்டும். புகைப்படக் கலைஞர் தயாநிதா சிங் 1989இல் லண்டன் நாளிதழ் ஒன்றுக்காக டெல்லியில் மோனா அகமது என்ற திருநங்கையைப் படமெடுத்தார். படம் லண்டனில் அச்சாகும் என்று தெரிந்ததும், அங்கே தமக்கு உறவினர்கள் இருக்கிறார்கள் என்று சொல்லி மோனா ஃபிலிமைத் திருப்பிக் கேட்டார். தயாநிதா கொடுத்துவிட்டார். அதிலிருந்து தொடங்கிய நட்பு நீண்டு, 2001இல் இருவரின் நூலாக வந்தது. அதில் மோனா தம் வாழ்க்கையைப் பதிப்பாளருக்கு அனுப்பிய மின்னஞ்சல்களாகத் தாமே சொன்னார்.

அந்தக் குடத் தொடருக்கு வருகிறேன். கண்காட்சி முடிந்த வாரமே மாணவர் அதே தெருவுக்குத் திரும்பிப் போனார், இம்முறை கேமரா இல்லாமல். அந்த அக்கா அவரை வரிசைக்கு அழைத்துப்போய்த் தரையைக் காட்டினார். ஆட்களைக் காணோம், குடங்கள் மட்டும் வரிசையாக நின்றன. குடம் நின்றால் ஆள் நிற்பதாகக் கணக்கு. ஒரு குடத்தில் சூட்டுக்கோலால் இழுத்த முதலெழுத்து, ஒன்றில் நகப்பூச்சால் மூன்று புள்ளி, ஒன்றின் கழுத்தில் பழைய ரவிக்கைத் துணியின் கிழிசல். எது யாருடையது என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். குடம் அந்தப் பெண்களின் முகத்தை மறைக்கவில்லை; அவர்கள் இல்லாத நேரத்தில் அவர்களுக்கு முகமாக நின்றது. எங்கள் இருவரின் கண்ணிலும் இது படவே இல்லை. குறியீட்டைத் தேடிப் போனவர்கள் குடத்தில் இருந்த குறியைக் கவனிக்கவில்லை.

மறுபடி எடுத்த தொடரில் குடங்கள் தரையில் நிற்கின்றன, குறி தெரியும்படி. ஒவ்வொரு படத்தின் கீழும் குடத்துக்குரியவர் தம் குறியைப் பற்றிச் சொன்ன ஒரு வரி இருக்கிறது. பன்னிரண்டாவது பெண் தம் குடத்தை எடுக்க வேண்டாம் என்றுவிட்டார், காரணம் சொல்லவில்லை. பதினொரு படங்களோடு தொடர் மதிப்பீட்டுக்குப் போனது. வெளித் தேர்வாளர் கேட்டிருந்தது பன்னிரண்டு. ஒன்று ஏன் குறைகிறது என்றார். “அவங்க வேணாம்னு சொல்லிட்டாங்க சார்” என்றார் மாணவர். தேர்வாளர் பதிவேட்டில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மாணவரின் மேசைக்குப் போனார்.