புள்ளி இருக்கிறது, படிக்க ஆளில்லை

1954-இல் வியன்னாவில் ஆண்ட்ரியாஸ் ரெட் என்ற குழந்தை மருத்துவரைப் பார்க்க இரண்டு சிறுமிகள் தத்தம் அம்மா மடியில் காத்திருந்தார்கள். இருவரும் சோப்பு போட்டுக் கை கழுவுவதுபோல ஓயாமல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை என்றால் பழக்கம் என்று விட்டிருப்பார். இரண்டு குழந்தைகள், ஒரே அசைவு. 1966-இல் அதை ஜெர்மன் மொழியில் எழுதினார்; வெளியே அதிகம் பேர் படிக்கவில்லை. 1983-இல் ஸ்வீடனின் பெங்ட் ஹாக்பெர்க் குழு 35 பெண்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் 'ரெட் சிண்ட்ரோம்' என்ற பெயர் பரவியது. ஏறக்குறைய 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இது வருகிறது. முதல் சில மாதங்கள் சரியாகவே வளர்வார்கள். அப்புறம் கற்ற சொற்கள் போகும், கையால் எடுத்துப் பிடிப்பது போகும், அந்தப் பிசைதல் வந்துவிடும்.

இந்த நோயைத் தேடாமலேயே அதன் மூலத்தைக் கையில் பிடித்தவர் ஏட்ரியன் பேர்ட். டி.என்.ஏ.வில் ஒட்டும் மெத்தில் குறிகளை ஆராய்ந்தவர். மெத்தில் என்பது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும்தான். அது சைட்டோசின் என்ற எழுத்தின்மேல் ஏறிக்கொள்ளும். 'க'வின் தலையில் புள்ளி வைத்தால் எழுத்து அதேதான், ஒலி மட்டும் அடங்கி 'க்' ஆகிறதல்லவா, அதுபோல. டி.என்.ஏ. எழுத்துகள் மாறாமலேயே மரபணுக்கள் ஓடுவதையும் அடங்குவதையும் ஆராயும் எபிஜெனெடிக்ஸ் என்ற துறையில் இந்தப் புள்ளிகளின் கதைக்குப் பெரிய இடம் உண்டு.

ஆனால் புள்ளியைப் பார்த்து அடக்கிப் படிக்க ஒருவர் வேண்டும். அந்த வாசகர்தான் பேர்ட் குழு 1992-இல் அறிவித்த மெக்பி2 என்ற புரதம். ஒரு பக்கம் மெத்தில் குறியைப் பற்றிக்கொள்ளும். மறுபக்கம் மரபணுவை அடக்கும் புரதக் கூட்டத்தை இழுத்து வந்து சேர்க்கும். நரம்பணுக்களில் இது ஏராளம். அதனால் ஒன்றிரண்டு மரபணுக்களை அணைக்கும் சுவிட்ச் என்று இதை நினைப்பது சரியாகாது. ஆயிரக்கணக்கான மரபணுக்களின் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சம் குறைத்து வைக்கிறது.

பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவின் ஹூஸ்டனுக்கு வந்த ஹுதா ஸோக்பி, மருத்துவப் பயிற்சிக் காலத்தில் ஒரு ரெட் சிறுமியைப் பார்த்தார். அதிலிருந்து விடவில்லை. 1999-இல் அவர் குழு, ஊட்டா ஃபிராங்கேவோடு சேர்ந்து, பழுது அந்தப் புரதத்தைச் செய்யும் மெக்பி2 மரபணுவில்தான் என்று காட்டியது. பெரும்பாலும் இந்தப் பழுது பரம்பரையாக வருவதில்லை. தந்தையின் விந்தணுவில் புதிதாக நேர்வதே அதிகம். (குழந்தைக்கு ஒன்று என்றால் அம்மாவை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்பவர்களுக்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.) இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களின் ஒவ்வொரு உயிரணுவும் இரண்டு எக்ஸில் ஒன்றை மூடிவிடுவதால், ஏறத்தாழ பாதி அணுக்களில் நல்ல பிரதி வேலை செய்யும். ஒரே எக்ஸ் உள்ள ஆண் குழந்தைகளுக்கு அந்தத் தயவு இல்லை.

2007-இல் பேர்டின் ஆய்வகத்தில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த சோதனை. எலிகளின் மெக்பி2 மரபணுவுக்குள் ஒரு தடைத்துண்டைச் செருகி வைத்தார்கள். டமாக்சிஃபென் என்ற மருந்தை ஊசியாகப் போட்டால் துண்டு வெட்டுப்பட்டு மரபணு மீண்டும் ஓடும். நோய் முற்றிய எலிகள் நடுங்கின. மூச்சு தாறுமாறாக இருந்தது. வாலைப் பிடித்துத் தூக்கினால் நல்ல எலி பின்னங்கால்களை விரிக்கும், இவை இறுக்கிக்கொண்டன. ஊசிக்குப் பின் சில வாரங்களில் பெரும்பாலானவை தேறிவிட்டன. நரம்பணுக்கள் செத்திருக்கவில்லை, வாசகருக்காகக் காத்திருந்திருக்கின்றன! 2011-இல் ஸோக்பி குழு எதிர்ப்பக்கம் செய்து பார்த்தது: வளர்ந்த எலியிடமிருந்து மெக்பி2-ஐ நீக்கியதும் நோய் வந்தது. இதை வளர்ச்சிக் குறைபாடு என்று வகைப்படுத்துகிறார்கள். எனக்கென்னவோ பராமரிப்புக் குறைபாடு என்பதே பொருத்தமாகப் படுகிறது.

அப்படியானால் நல்ல மரபணுவை வைரஸில் ஏற்றி அனுப்பிவிட வேண்டியதுதானே? இது உப்பு மாதிரி. கூடினாலும் கெடும். மெக்பி2 இரட்டிப்பான பிரதியோடு பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கும் கடுமையான மூளைப் பாதிப்பு வருகிறது. வைரஸுக்கோ எந்த அணுவில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது என்று தெரியாது. 2023-இல் அமெரிக்கா அனுமதித்த டிரோஃபினெடைட் என்ற மருந்து சில அறிகுறிகளைத் தணிக்கும். மெக்பி2-ஐத் திருப்பித் தராது. அதே ஆண்டிலிருந்து, அளவு மீறினால் தானே அடங்கிக்கொள்ளும் ஏற்பாட்டோடு வடிவமைத்த மரபணுவை நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள்.