ஐந்தாவது தாள் விழுந்த பிறகு

“பேராசைதான் மிஸ், வேறென்ன?” என்றார் அந்தத் தம்பி. கல்லடிப் பக்கத்தில் மணம் முடித்திருப்பவர், முப்பது வயதுக்குள். (அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) மனைவி சீட்டுக் கட்ட வைத்திருந்த காசு முழுவதையும் கைத்தொலைபேசியில் போக்கர் என்ற சீட்டாட்டம் விளையாடி ஒரே இரவில் விட்டிருந்தார். “சீட்டுக்காசு சீட்டிலேயே போய்விட்டது” என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மட்டக்களப்பில் உளவளத்துணையாளராக இருக்கும் எனக்கு இந்தப் ‘பேராசை’ பழகிப்போன பதில். நான் அதை நம்புவதில்லை. பேராசைக்காரர் கணக்குப் பார்ப்பார். என் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் கணக்கையே மறந்தவர்கள்.

அன்றிரவு அவர் கையில் இரண்டு ஆஸ். எதிராளியிடம் இரண்டு ராஜா. போக்கரில் இரண்டு ஆஸைவிட நல்ல தொடக்கம் கிடையாது. இருவரும் இருந்ததையெல்லாம் நடுவில் வைத்தார்கள். மேசையில் இருவருக்கும் பொதுவாக விரியும் ஐந்து தாள்களில் கடைசியாக வந்த ஐந்தாவது தாள் ராஜா. எதிராளியின் மூன்று ராஜாவிடம் இவருடைய இரண்டு ஆஸ் தோற்றது. இதைச் சொல்லும்போது அவருடைய பெருவிரல் என் மேசைக் கண்ணாடியைத் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. காது மடல்கள் சிவந்திருந்தன. இத்தனைக்கும் அது நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

இரண்டு ஆஸ் வைத்திருப்பவர் இரண்டு ராஜாவிடம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு தடவை தோற்பார். சீட்டுக்கட்டின் கணக்கு அப்படி. மனமோ அதை அநியாயம் என்றே எடுத்துக்கொள்கிறது. ‘என்னுடையதைப் பறித்துவிட்டான்’ என்ற எண்ணம் ஏறியபின் அவர் விளையாடவில்லை, வழக்குப் பேசிக்கொண்டிருந்தார். குப்பைத் தாளுக்கும் பந்தயத்தை இரட்டிப்பாக்கினார். நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

போக்கர் ஆடுகிறவர்கள் இந்த நிலையை ‘டில்ட்’ என்பார்கள். பின்பால் விளையாட்டு இயந்திரத்தை ஆத்திரத்தில் சாய்த்து உலுக்கினால் அது பூட்டிக்கொண்டு நின்றுவிடும். அங்கிருந்து வந்த சொல். மனிதருக்கு அந்தப் பூட்டைப் பொருத்தாமல் விட்டுவிட்டார்கள்.

ஒரே தொகையை வெல்லும் மகிழ்ச்சியைவிட அதை இழக்கும் வலி பெரிது என்று உளவியலாளர்கள் டானியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். இழப்பில் நிற்கும்போது, வழக்கமாகத் துணியாதவர்கள்கூடத் துணிந்துவிடுவார்கள் என்பதும் அவர்கள் கண்டதுதான். நம் ஊரில் இதற்குப் பெயர் ‘விட்டதைப் பிடிப்பது’. சூதாட்டத்தை ஒரு நோயாகக் கணிக்கும்போது மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகளில் இதுவும் ஒன்று.

ஆனால் கோபத்தைவிட ஆழமாக நான் இங்கே காண்பது வெட்கம். நம் பகுதியில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து வாழ்கிறார். காசை விட்டுவிட்டு, மாமியாரின் கூரைக்கடியில் அடுத்த நாள் தேநீர் குடிக்க வேண்டும். விடிவதற்குள் எப்படியாவது சமன் செய்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்ற நினைப்பு இரவு இரண்டு மணிக்கு மிகவும் நியாயமாகத் தோன்றும்.

அதனால் நான் தாளைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. விளையாட உட்காருவதற்கு முந்திய ஒரு மணி நேரத்தைக் கேட்பேன். அன்று இரவுச் சாப்பாட்டில் மச்சான் வாங்கிய புது மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. இவர் பாதிச் சோற்றில் எழுந்திருக்கிறார். ராஜா விழுவதற்கு முன்பே ஆள் சாய்ந்துவிட்டார்.

முன்பு நம் வீட்டுத் திண்ணைகளில் சோடி சேர்ந்து 304 என்ற சீட்டாட்டம் ஆடினார்கள். அங்கும் சண்டை வந்தது, சில இடங்களில் காசும் போனது. ஆனால் எதிரே சோடிக்காரன் இருப்பான், “போதும், எழும்பு” என்பான். கைத்தொலைபேசியில் அந்தக் குரல் இல்லை. அடுத்த தாள் சில விநாடிகளில் வந்துவிடுகிறது.

‘இவ்வளவு தோற்றால் நிறுத்துவேன்’ என்ற உறுதிமொழியைச் சூடேறிய தலை காப்பாற்றாது. எல்லையைப் பகலில், வேறொருவர் கையில் வைக்க வேண்டும். தம்பிக்கு நான் சொன்னவை இரண்டுதான்: காசுக் கணக்கை மனைவியிடம் கொடுங்கள், நடந்ததை அவரிடம் சொல்லுங்கள். முதலாவதற்கு உடனே தலையாட்டினார். இரண்டாவதற்கு இரண்டு வாரம் எடுத்தது.

அடுத்த முறை வந்தபோது எப்படிப் போனது என்று கேட்டேன். மனைவிக்கு ஏற்கனவே தெரிந்திருந்ததாம். வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளை அன்று காலையிலேயே அவர் பார்த்துவிட்டாராம்.