இருசக்கர வண்டியை விடுவதா வேண்டாமா? முதலில் ஒரு வாரப் பயணத்தை எழுதுங்கள்

மாவுக்கட்டைப் பிரிக்க வருகிறவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "டாக்டர், இனி வண்டி ஓட்டலாமா?" கேட்பவர் எலும்பு கூடிவிட்டதா என்று கேட்கிறார். பக்கத்தில் நிற்கும் மனைவியோ அம்மாவோ வேறு பதிலை எதிர்பார்க்கிறார்கள். "இனிமே அந்த வண்டியத் தொடக்கூடாதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

அப்படிச் சொல்வதில் எங்களுக்குச் சிரமம் இல்லை. ஆனால் அந்தச் சொல் நிற்பதில்லை. எங்கள் மதுரைப் பக்கத்தில், வீடு மேலூருக்கு அப்பால் ஒரு கிராமத்தில், வேலை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில், ஷிப்ட் முடியும்போது கடைசி டவுன் பஸ் போய்விட்டது என்றால், சத்தியம் செய்தவரே மூன்றாம் மாதம் மறுபடி கிக்கரை மிதித்துக்கொண்டிருப்பார். வேறு வழி இல்லாதவரிடம் "அடியோடு விடு" என்றால், எதையுமே மாற்றாமல் பழையபடி ஓட்டுவதில்தான் அது போய் முடிகிறது. எந்தப் பயணத்தை விடுவது என்று கேட்டால்தான் நடக்கக்கூடிய ஒரு பதில் கிடைக்கும்.

ஆபத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நூற்றுக்கு 44-க்கும் மேற்பட்டோர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029. அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. ஆனால் இந்த ஆபத்து எல்லாப் பயணத்திலும் ஒரே அளவில் பரவி இருப்பதில்லை. பகல் பதினொரு மணிக்கு மதுரை அண்ணா நகரிலிருந்து கே.கே. நகருக்குப் போவதும், இரவு பதினொரு மணிக்குத் திருமங்கலத்திலிருந்து நான்குவழிச் சாலையில் வருவதும் ஒரே வண்டி, ஒரே ஆள் என்றாலும் ஒரே பயணம் இல்லை.

அதனால் ஒரு நோட்டை எடுத்து, ஒரு வாரம் ஓட்டிய எல்லாப் பயணத்தையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் போதும்: எத்தனை மணிக்கு, எந்தச் சாலையில், பின்னால் யார் அல்லது என்ன இருந்தது, உங்கள் உடம்பு எப்படி இருந்தது. வாரம் முடிந்ததும் பார்த்தால், இருபது முப்பது பயணத்தில் மூன்றோ நான்கோ தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். முதலில் விட வேண்டியவை அவைதான்.

இரவு நெடுஞ்சாலையை ஏன் முதலில் வைக்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எதிரே ஒன்றைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை விநாடி ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒன்றரை விநாடியில் வண்டி 25 மீட்டர் ஓடிவிடும். அதன்பிறகு காய்ந்த தாரில் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் நிற்க இன்னும் 23 மீட்டர் அளவுக்கு வேண்டும். மொத்தம் ஏறக்குறைய 48 மீட்டர். இதே கணக்கு 40 வேகத்தில் 27 மீட்டர், 80 வேகத்தில் 74 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு ஆனால் நிற்கும் தூரம் இரண்டே முக்கால் மடங்கு ஆகிறது. மோதும் ஆற்றலோ நான்கு மடங்கு.

இப்போது நம் ஊர் நூறு சிசி வண்டியின் முகப்பு விளக்கை நினைத்துப் பாருங்கள். லோ பீமில் ஐம்பது மீட்டர் தெளிவாகத் தெரிந்தாலே பெரிது. எதிர்த் திசை லாரியின் வெளிச்சம் கண்ணில் அடித்த அடுத்த சில விநாடிக்கு அதுவும் தெரியாது. அப்படியானால் விளக்கில்லாத சாலையில் 80-ல் போகிறவர் தன் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கொட்டாம்பட்டிப் பக்கமோ வாடிப்பட்டிப் பக்கமோ இடது ஓரத்தில் பின்விளக்கு எரியாமல் நிற்கும் லாரி, யூடர்ன் தூரம் என்று எதிர்த்திசையில் வரும் டிராக்டர், படுத்திருக்கும் மாடு எல்லாம் அந்த இருட்டுக்குள்தான் இருக்கின்றன. இரவில் அந்தச் சாலையில் போய்த்தான் தீரவேண்டும் என்றால் 50-க்கு மேல் போகாதீர்கள். அந்த வேகத்தில் பெருவாகனங்களுக்கு நடுவே போவதும் ஆபத்துதானே என்று தோன்றினால், அது சரிதான். ஆகவேதான் இந்தப் பயணத்தையே விடச் சொல்கிறோம்.

விடுவதற்கு வழி உண்டு. கிராமத்திலிருந்து மேலூர் பஸ் ஸ்டாண்டு வரை வண்டி, அங்கே டூவீலர் ஸ்டாண்டில் போட்டுவிட்டு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பஸ். உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்து ஆட்களுக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு. பயணத்தின் மோசமான பாதி மட்டும் கழன்றுவிடும். ஸ்டாண்டு டோக்கனும் பஸ் டிக்கெட்டும் சேர்ந்து பல நேரம் பெட்ரோல் செலவை ஒட்டித்தான் வரும். ஒரே ஷிப்டில் நான்கைந்து பேர் இருந்தால் ஷேர் ஆட்டோவை மாதக் கணக்கில் பேசிக்கொள்ளலாம்.

விடிகாலைப் பூ வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மல்லிகை மூட்டையைப் பின்சீட்டில் குறுக்காகக் கட்டி, மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு இருட்டோடு கிளம்புகிறார்கள். மூட்டை பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மூடிவிடுகிறது. பின்னால் வரும் பஸ்காரருக்கு முன்னால் ஒரு வண்டி போவதே கடைசி நேரத்தில்தான் தெரியும். சுமை பின்சக்கரத்தின் அச்சுக்கும் பின்னால் தள்ளி இருந்தால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும். முன்பிரேக்கின் பிடிப்பும் குறையும். மூட்டையை உயரவாக்கில், பின்விளக்குக்கு மேலே, முதுகை ஒட்டிக் கட்டுங்கள். அதன் பின்பக்கத்தில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிய அட்டையைச் சொருகுங்கள். அதைவிட நல்லது, நாலு தோட்டத்துப் பூவைச் சேர்த்து ஒரு குட்டியானை வேனில் ஏற்றி அனுப்புவது. பூ விலை தாழ்ந்த நாளில் அந்த வாடகை கனமாகத்தான் தெரியும். தெரிந்துதான் சொல்கிறோம்.

நோட்டில் அடுத்து பார்க்க வேண்டியது பின்சீட்டு. எங்கள் பிரிவுக்கு வரும் தலைக்காயங்களில் எங்களுக்கு மிகவும் வலிக்கிற வகை இது. மனைவி ஒருபக்கமாக உட்கார்ந்திருக்கிறார், சேலை. மடியில் குழந்தை, அல்லது ஒரு கையில் குழந்தையும் மறு கையில் பையும். ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டிருக்கிறார். பின்னால் இருப்பவருக்கு இல்லை. வெள்ளைக்கோடு அழிந்துபோன ஸ்பீடு பிரேக்கர். முன்சக்கரம் ஏறி இறங்குகிறது, பின்சக்கரம் ஏறும்போது சீட்டின் பின்பகுதி தூக்கி எறிகிறது. ஒருபக்கமாக உட்கார்ந்தவருக்கு இரண்டு தொடையாலும் வண்டியைக் கவ்வ வழியில்லை, கையும் காலியாக இல்லை. அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து, பின்மண்டை நேராகத் தாரில் அடிக்கிறது. வண்டி 30-ல் போயிருக்கலாம். எதிலும் மோதியிருக்கவே வேண்டாம். குழந்தைக்குப் பல நேரம் சிராய்ப்போடு போய்விடும், தாய் அதைக் கட்டிப்பிடித்தபடியே விழுந்திருப்பார்.

இதைத் தடுக்க எளிய வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். சுடிதாரில் அது சுலபம். சேலைதான் என்றால் ஒரு கை பின்கம்பியை விடக்கூடாது, குழந்தை இருவருக்கும் நடுவில், பை முன் கொக்கியில். துப்பட்டாவை இரண்டு முனையும் முடிந்து இடுப்போடு செருகுங்கள். செயினிலோ சக்கரத்திலோ மாட்டினால் கழுத்தை இறுக்கும், ஆளையும் கீழே இழுக்கும். சேலைக் காப்புக் கம்பியைக் கழற்றி எறிந்த வண்டியில் பெண்களை ஏற்றாதீர்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு. அதற்குக் குறைந்த வயதுக் குழந்தையை ஓட்டுபவரோடு பெல்ட்டால் பிணைத்து, ஹெல்மெட் போட்டு, 40-க்கு மேல் போகாமல் ஓட்ட வேண்டும் என்பது 2023 பிப்ரவரியிலிருந்து விதி. மூன்று பேர், நான்கு பேராகப் பாண்டி கோயிலுக்கோ அழகர்கோயிலுக்கோ கிடாவெட்டுக்குப் போகிற பயணம் நோட்டில் இருந்தால், யோசிக்காமல் அடித்துவிடுங்கள். அரசின் 'விடியல் பயணம்' திட்டத்தில் பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ் இலவசம்.

ஹெல்மெட்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆகவே சுருக்கமாக. ஒழுங்காகப் போட்டால் இறக்கும் வாய்ப்பை 42 சதவீதமும் தலைக்காயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த முடிவு. 'ஒழுங்காக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 4151 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். பட்டையை மாட்டிய பின், பின்மண்டைப் பக்கம் கைவைத்து முன்னால் தள்ளுங்கள்; கழன்று வந்தால் அது சாலையிலும் கழலும். உள்ளே இருக்கும் தெர்மாகோல் ஒரே ஒரு முறை நசுங்கத்தான் செய்யப்பட்டது. ஒரு விழுகைக்குப் பிறகு ஓடு பளபளப்பாக இருந்தாலும் மாற்றுங்கள். தொப்பி போல உச்சியை மட்டும் மூடுவது தாடையையும் முகத்தையும் காப்பாற்றாது.

வண்டியில் பார்க்க வேண்டியதும் கொஞ்சம்தான். டயர் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மழையில் பிடிக்காது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு ஆண்டு. பள்ளம் நன்றாக இருந்தாலும் வெடிப்பு விட்ட பழைய டயர் வேண்டாம். பின்பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவர்களே நம் பக்கம் அதிகம். அவர்களுக்கு மேலே சொன்ன 23 மீட்டர் ஏறக்குறைய இரட்டிப்பாகும். காலியான சாலையில் 30 வேகத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்தப் பழகுங்கள். குடித்துவிட்டு ஓட்டுவதில் எடைபோட ஒன்றுமே இல்லை.

இனி, எவர் முழுதாகவே விட வேண்டும் என்பது. இங்கே வயதைவிட உடம்புதான் முடிவு செய்கிறது.

வலிப்பு நோய் உள்ளவர் ஓட்டக் கூடாது. லைசென்ஸ் விண்ணப்பத்தின் உடல்தகுதிப் படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. நீண்ட நாள் சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்கு ஒரு சோதனை: கண்ணை மூடிக்கொள்ளுங்கள், வீட்டில் ஒருவர் கால் கட்டைவிரலை மேலும் கீழும் மெதுவாக அசைக்கட்டும், எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். தப்பாகச் சொன்னால், பின்பிரேக்கில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அந்தக் காலுக்குத் தெரியாது. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவருக்கு மதியம் ஒரு மணிக்குக் கை நடுங்கி வியர்த்தால், அந்த நேரத்து வண்டியை விட வேண்டும். சளிக்குப் போடும் மாத்திரைகளில் பல தூக்கம் தருபவை. அன்று ஓட்டாதீர்கள்.

கண்ணுக்கு: பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட்டை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியாகப் படியுங்கள். எதிர்வண்டி விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிகிறது என்றால் கண்புரையாக இருக்கலாம். ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொல்லும்வரை இரவு வண்டி வேண்டாம். இதில் நல்ல செய்தி, அறுவை சிகிச்சைக்குப் பிறகு பலரும் திரும்ப ஓட்ட முடிகிறது.

இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத்தான் நாங்கள் மிக அழுத்திச் சொல்கிறோம். மற்றவருக்கு நெற்றி வீக்கத்தோடு போகும் விழுகை, இவர்களுக்கு மூளைக்குள் கசிவாகலாம். விழுந்தவர் எழுந்து, வண்டியையும் நிமிர்த்தி, டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, நன்றாகப் பேசிக்கொண்டிருந்து, சில மணி நேரம் கழித்துத் தூங்குவது போலச் சாய்வார். வயதானவருக்கு இது வாரக்கணக்கில் தள்ளிக்கூட வரும். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டால், எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள்; விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசின் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் ஏற்கிறது.

பைக்கை விட்டு ஸ்கூட்டிக்கு மாறினால் போதும் என்று அப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் அதிகம். கியர் தொல்லை இல்லை என்பது உண்மை. ஆனால் பத்து, பன்னிரண்டு அங்குலச் சக்கரம் பதினேழு அங்குலச் சக்கரம் ஏறிப்போகும் குழியில் விழுந்துவிடும். சாக்கடைக்குத் தோண்டி மூடிய தெருவில் அந்த வித்தியாசம் பெரிது. அவர் போகும் தெருவைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சாவியைப் பிடுங்கி ஒளித்து வைப்பதும் வேண்டாம். பெட்டிக்கடைக்கும் கோயிலுக்கும் ரேஷனுக்கும் போய்வந்த மனிதர் திண்ணையில் முடங்கினால் அதுவும் உடம்பைக் கெடுக்கும். "அப்பா, ராத்திரியும் பைபாஸும் மட்டும் வேணாம், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி கூட்டிக்கொண்டும் போங்கள்.

முழுதாக விட்ட வீட்டில் வண்டியை மாடிப்படிக்கு அடியில் நிறுத்தி வைக்காதீர்கள். பத்தாவது படிக்கும் பேரன் ஒருநாள் அதை எடுப்பான். பதினெட்டு வயது ஆகாதவர் ஓட்டி விபத்து நடந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவும் பன்னிரண்டு மாதத்துக்கு ரத்து. விற்றால், கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நிற்காமல் படிவம் 29, 30 இரண்டும் ஆர்.டி.ஓ. அலுவலகம் போய், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறும்வரை பின்தொடருங்கள். பெயர் மாறாத வண்டி எங்கே யாரை இடித்தாலும் நஷ்டஈட்டு நோட்டீஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.