கூந்தன்குளத்துக்கு எந்தப் பைனாகுலர்?

பாளையங்கோட்டை ஆசிரியர் ஒருவரின் கேள்வி: "தை மாதம் பிள்ளைகளைக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போகிறோம். பள்ளிக்கு ஒரு பைனாகுலர் வாங்க வேண்டும். 20×50 மலிவாகக் கிடைக்கிறது, 8×42 விலை கூடுதல். பெருக்கம் கூடியதுதானே நல்லது?"

20×50 வேண்டாம். ஊருக்குள் மரங்களில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரையைப் பார்க்க வெறுங்கண்ணே போதும். பைனாகுலர் தேவைப்படுவது குளத்தின் நடுவே மேயும் வரித்தலை வாத்துக்கும் கரையோரச் சேற்றில் ஓடும் உள்ளானுக்கும்தான். 20 மடங்கு பெருக்கினால் கை நடுக்கமும் 20 மடங்காகும். காலை 10 மணிக்கு மேல் நீர்ப்பரப்பில் எழும் கானலும் சேர்ந்து பெருகும். 8×42-இல் 1000 மீட்டர் தொலைவில் சுமார் 130 மீட்டர் அகலம் தெரியும். 20×50-இல் அதில் பாதிகூடத் தேறாது. பிள்ளை வாத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும்.

இரண்டாம் எண் முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். அதை முதல் எண்ணால் வகுத்தால், கண் வைக்கும் பக்கம் வெளிவரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 8×42-க்கு 5.25 மி.மீ., 20×50-க்கு 2.5 மி.மீ. நல்ல வெயிலில் கண்மணி 2, 3 மில்லிமீட்டராகச் சுருங்கியிருப்பதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அந்தி மயங்கும்போது கண்மணி விரியும், 2.5 மி.மீ. வட்டம் அதை நிரப்பாது, படம் இருண்டுவிடும். பனை மரப் பொந்திலிருந்து புள்ளி ஆந்தை எட்டிப் பார்ப்பது அந்த நேரத்தில்தான். ஆந்தை அலறினால் சாவு என்று கல்லெறிகிற வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. எலியையும் வண்டையும் தின்று வயலைக் காக்கும் பறவை அது. அந்த மஞ்சள் கண்ணை ஒருமுறை தெளிவாகப் பார்த்த பிள்ளை பிறகு கல்லெடுக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

இனி, குழாயின் உள்ளே. முன் லென்ஸ் உருவாக்கும் படம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழும் என்பது பள்ளிப் பாடம். அதை நிமிர்த்த 1854-இல் இத்தாலியரான இஞ்ஞாசியோ போரோ காப்புரிமை பெற்ற வழியைத்தான், தோள் அகன்ற பைனாகுலர்களில் இன்றும் பார்க்கிறோம். செங்கோண முப்பட்டகம் இரண்டு. ஒளி ஒன்றின் அகன்ற முகம் வழியே நுழைந்து, சாய்ந்த இரு முகங்களிலும் மோதி, வந்த பக்கமே திரும்பும். ஒரு முப்பட்டகம் மேல்கீழை மாற்றும், குறுக்கே திருப்பி வைத்த மற்றது இடவலத்தை மாற்றும். மொத்தம் நான்கு எதிரொளிப்பு. நான்கிலும் ரசம் பூசிய கண்ணாடி ஒன்றுகூட இல்லை. வெறும் கண்ணாடியே ஆடியாகிறது. முழு அக எதிரொளிப்பு!

இதை அடுக்களையிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, மேலிருந்து உள்பக்கச் சுவரைப் பாருங்கள். சுவர் வெள்ளி பூசியதுபோல் மினுங்கும், பிடித்திருக்கும் விரல் தெரியாது. விரலை நனைத்து அழுத்துங்கள். வெள்ளிப் பரப்பில் கைரேகை மட்டும் வரிவரியாகத் தோன்றும். ஒளி முழுதாகத் திரும்பும்போதும் கண்ணாடிக்கு வெளியே ஓர் அலைநீளத்துக்கும் குறைவான தூரம் எட்டிப் பார்த்துவிட்டே திரும்புகிறது. தோலின் மேடுகள் அந்த நூலிழை இடைவெளிக்குள் வந்ததும் ஒளி அவற்றுக்குள் தப்பிப் போகிறது. முப்பட்டகத்தின் மேல் எண்ணெய்க் கையோ பூஞ்சையோ பட்டால் படம் மங்குவதற்கும் இதுவே காரணம்.

விலையில் மறைந்திருக்கும் சூட்சுமமும் இங்கேதான். ஒளி 45 பாகையில் மோதுகிறது. மலிவான பிகே7 கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52, மாறுநிலைக் கோணம், அதாவது ஒளி வெளியே கசியாமல் முழுதாகத் திரும்பத் தாண்ட வேண்டிய கோணம், 41.2 பாகை. இடைவெளி 3.8 பாகைதான். பேக்4 கண்ணாடிக்கு 1.57, கோணம் 39.6, இடைவெளி 5.4 பாகை. லென்ஸின் குவியத் தொலைவு விட்டத்தைப்போல 4 மடங்கு என்று வைத்தால், குவிந்து வரும் ஒளிக்கூம்பின் ஓரக்கதிர்கள் கண்ணாடிக்குள் சுமார் 4.6 பாகை சாய்ந்திருக்கும். பேக்4 அதைத் தாங்கும். பிகே7-இல் ஓரக்கதிர்கள் கசிந்துவிடும். கடையிலேயே சோதிக்கலாம்: கையை நீட்டிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கிக் கண்பக்கத்து ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டம் என்றால் பேக்4. ஓரம் சாம்பல் படிந்து சதுரமாக வெட்டுப்பட்டிருந்தால் பிகே7.

நம் பள்ளி ஆய்வகங்களில் முப்பட்டகம் நிறமாலை காட்ட மட்டுமே வெளியே வருகிறது. செங்கோண முப்பட்டகம் இரண்டு வாங்கிக் கொடுத்து, தலைகீழ்ப் படத்தைப் பிள்ளைகளே நிமிர்த்தட்டும் என்று விடும் அளவுக்காவது அறிவியலுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

நேர்க்குழாய் வடிவப் பைனாகுலர்கள் கைக்கு அடக்கம். ஆனால் அந்த முப்பட்டகங்களுக்குத் தனிப் பூச்சுகள் வேண்டும், அதனால் மலிவு விலையில் போரோ வகை 8×40 அல்லது 8×42 தெளிவாகக் காட்டும். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 சதவீத ஒளியை வீணாக்கும். 10 பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். செக்கச்செவேலென்று மின்னும் லென்ஸைத் தொடாதீர்கள். அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பி நிறத்தைக் கெடுக்கும். கொசு உள்ளானின் கால் கறுப்பு, டெம்மிங்க் உள்ளானின் கால் மஞ்சள் கலந்த பச்சை. நிறம் போனால் அடையாளமும் போயிற்று. சூம் வகையும் வேண்டாம். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணை 16 மி.மீ. தள்ளி வைத்தாலும் முழுப்படம் தெரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கும் முன் தூரத்து மின்கம்பியை நோக்கிவிட்டு, பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல விலக்குங்கள். இரு பக்கத்திலும் கம்பி ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கினால் முப்பட்டகம் நகர்ந்திருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் தலைவலிதான்.

வாங்கியதும் நடுக்கீலை மடக்கி இரு வட்டமும் ஒன்றாகும்படி வையுங்கள். வலது முன் லென்ஸை மூடி, இடக்கண்ணுக்கு நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல் வலக்கண் வளையத்தை மட்டும் திருப்புங்கள். பிள்ளைக்குப் பிள்ளை கண் மாறும், ஆகவே கை மாறும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும். சூரியன் பக்கம் திருப்பக் கூடாது என்பதை பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். செம்மண் புழுதியை வேட்டி நுனியால் துடைத்தால் பூச்சில் கீறல் விழும். முதலில் ஊதுபந்து, பிறகு மென்தூரிகை, கடைசியில் லென்ஸ் துணி. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.