ஸ்கேல் வைத்து வெட்டிய தாளம்

பிங்க் ஃப்ளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'மனி' பாட்டை எந்த வாத்தியமும் தொடங்கி வைப்பதில்லை. கேஷ் ரெஜிஸ்டர் திறக்கிறது, காசு கலகலக்கிறது, காகிதம் கிழிகிறது. அந்தச் சத்தங்கள் ஒரே வரிசையில் சுற்றிச் சுற்றி வருவது பிடிபட்ட பிறகுதான் ரோஜர் வாட்டர்ஸின் பேஸ் கிட்டார் அதே நடையில் வந்து சேரும். 1972-இல் லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பதிவான பாட்டு இது. கம்ப்யூட்டரில் இசையை வெட்டி ஒட்டும் வசதி அன்று கிடையாது. சத்தங்களைத் தாளத்தில் உட்கார வைத்தவை ஒரு ஸ்கேலும் ஒரு பிளேடும்தான்.

இது எப்படி முடிந்தது? ரெக்கார்டிங் டேப் என்பது இரும்பு ஆக்சைடு பூசிய பிளாஸ்டிக் நாடா. மைக்கிலிருந்து வரும் மின்னோட்டம் ஒரு சிறிய மின்காந்தத்துக்குள் போகிறது. அதை உரசியபடி ஓடும் நாடாவில் ஒலியின் ஏற்ற இறக்கம் காந்தமாகப் பதிகிறது. நாடா ஒரே சீரான வேகத்தில் ஓடுவதால் நேரத்தை நாடாவின் நீளமாகவே அளந்துவிடலாம். ஸ்டூடியோக்களில் வழக்கமான வேகம் நொடிக்கு 15 அங்குலம். அரை நொடிச் சத்தம் வேண்டுமென்றால் ஏழரை அங்குலம் வெட்டினால் போதும்.

சத்தங்களைச் சேகரித்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டிரம்மர் நிக் மேசன் பழைய பென்னிக் காசுகளில் ஓட்டை போட்டு நூலில் கோத்தார். வாட்டர்ஸின் மனைவி மட்பாண்டம் செய்பவர். அவருடைய கிண்ணத்தில் காசுகளைச் சுழற்றி ஒரு சத்தம் எடுத்தார்கள். காகிதத்தை மைக் முன்னால் கிழித்தார்கள். கேஷ் ரெஜிஸ்டர் மட்டும் ஒலி நூலகத்திலிருந்து வந்தது. இப்படி ஏழு சத்தங்களை ஸ்கேலால் அளந்து, ஒரே நீளத்துக்கு வெட்டி ஒட்டினார்கள்.

ஏழு ஏனென்றால் பாட்டின் தாளமே ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதில்லை; நான்கு நான்காகவே நடக்கும் ராக் இசையில் அபூர்வம். நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏழு துண்டும் சேர்ந்து 52.5 அங்குலம் வரும். இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கினால் அது மெஷினுக்குள் அடங்காது. அதனால் வெளியே இழுத்து, மைக் ஸ்டாண்டைச் சுற்றி விறைப்பாக ஓட விட்டார்கள்.

ஒட்டுப் போடுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. நாடாவை நேராக வெட்டினால் ஒரு சத்தம் சட்டென்று அறுந்து இன்னொன்று தொடங்கும். அந்த இடத்தில் 'டிக்' என்று கேட்கலாம். பொதுவாகச் சாய்வாக வெட்டுவது அதற்காகத்தான். கால் அங்குல நாடாவை 45 பாகை சாய்த்து வெட்டினால், நொடியில் அறுபதில் ஒரு பங்குக்கு ஒன்று தேய, மற்றது எழும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தாலும் அந்த 'டிக்' வந்துவிடும்.

பதிவின்போது இந்த வளையத்தைக் கேட்டபடிதான் குழு வாசித்தது. சாக்ஸஃபோன் தனி ஏழிலேயே போகும். டேவிட் கில்மோரின் கிட்டார் தனி வந்ததும் தாளம் நான்குக்கு மாறும். அந்த மாற்றத்தில் பாட்டுக்கு வரும் வேகம் அலாதியானது.

பாட்டு இடம்பெற்ற 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973 மார்ச்சில் வெளியாகி, 1988 வரை மொத்தம் 741 வாரங்கள் அமெரிக்க ஆல்பம் பட்டியலில் இருந்தது. இன்று லூப் என்று மென்பொருளில் ஒரு கிளிக்கில் செய்வதும் இதே வேலைதான். ஆனால் மென்பொருள் ஓடவிட்ட லூப்பை விட்டு வாசிப்பவர் பெரும்பாலும் விலகுவதில்லை.

இங்கே அப்படியில்லை. பாடல் வரிகள் தொடங்குமுன் ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் வளையத்தின் ஒலியை மெல்லக் குறைத்துவிட்டார். பிடி விட்டதும் குழு போகப் போக வேகமெடுத்தது. இரண்டாவது சரணத்துக்கும் சாக்ஸஃபோனுக்கும் நடுவில் அவர் வளையத்தை மறுபடி கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார். தற்செயலாக அது தாளத்தோடு சரியாகப் பொருந்திவிட்டது. அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் அந்த இடம் தெளிவாகத் தெரியும்.